லட்சுமி உட்காரும் இடங்கள்

எண்ணெய்ச் சூடு பதமா என்று புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், ஏதோ பட்டது, சூடு என்றுதான் நினைக்கிறேன், பதம் பார்க்கிற புத்தியெல்லாம் இப்போது என்னிடம் இல்லை, ஆனால் கை அதுபாட்டுக்குச் செய்கிறது, வெள்ளிக்கிழமை தவறாமல் செய்து பழகின கை, உச்சியில் ஒரு கை, காதுக்குப் பின்னால் விரல் நுனி, தொப்புளில் ஒரு சொட்டு, மகிழினி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கூச்சத்தில் நெளிகிறாள், அம்மா காதுக்குள்ள போகுது என்கிறாள், போகாதுடி என்கிறேன், என் குரலே என் குரல் மாதிரிதான் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஃபோனை வாஷிங்மெஷின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது வந்த ஃபோன். மதுரை டாக்டர். "நீங்க தனியா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா, "இல்ல சார், எண்ணெய் காயுது" என்றேன். அவர் பேச ஆரம்பித்தார். நான் ஒரு கையில் ஃபோனும் ஒரு கையில் கரண்டியுமாக நின்று கேட்டேன், நடுவில் இரண்டு மிளகைக்கூட எடுத்து எண்ணெயில் போட்டேன், அது வெடித்தது, அடுப்பை அணைத்தேன். பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு விஷயம் கேட்கிற அம்மா மிளகு போடுவாளா? போட்டேன். கத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சரிங்க சார், சரிங்க சார் என்று கேஸ் சிலிண்டர் புக் பண்ணுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பக்கமும்" என்றார். அந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஈரலில் கொக்கி மாதிரி ஒன்று இருக்குமாம், ரத்தத்தில் போகிற கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிற கொக்கி, அதை எப்படிச் செய்வது என்று சொல்கிற மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. "உங்களுக்கு ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லாருக்கு. சாருக்கும் அதே மாதிரி. பாப்பாவுக்கு உங்ககிட்டருந்தும் பழுதானது, அவர்கிட்டருந்தும் பழுதானது. ரெண்டு பக்கமும்." அப்புறம் கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் சொந்தமாம்மா?" இல்லை சார், அசல் என்றேன். அவருக்கு அது இடித்தது. "அசல்ல இவ்வளவு கச்சிதமா ரெண்டு பேர் சேர்றது ரொம்ப அபூர்வம்மா, நான் சொந்தத்துலதான் பார்த்திருக்கேன்" என்றார். அபூர்வம் இல்லை டாக்டர். தேடிப் பிடித்தார்கள். ஊர் ஊராக ஏறி இறங்கி, சல்லடை போட்டுச் சலித்து, இந்தப் பழுது இருக்கிற பெண்ணாகப் பார்த்துத்தான் கட்டினார்கள். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பவும் மாட்டார்.

குதிகாலுக்கு வந்துவிட்டது கை. இரண்டு குதிகாலுக்கு மேலும், நரம்பு ஏறுகிற இடத்தில், மஞ்சளாகப் பருத்து, தொட்டால் கெட்டியாக. முட்டியில் இரண்டு. முழங்கையில் கொத்தாக. விரல் இடுக்கில் சின்னச் சின்னதாக, துவரம்பருப்பு மாதிரி. இந்த வீட்டில் அதற்குப் பெயர் பொன்முடிச்சு. லட்சுமி உட்காருகிற இடமாம். என் மாமனாருக்கு இருந்ததாம், அவர் அப்பாவுக்கு இருந்ததாம், வெறும் தலைச்சுமையாகப் பருப்பு விற்றவர் விருதுநகரில் சொந்த மண்டி போட்டதற்கு அந்தக் குதிகால் முடிச்சுதான் காரணமாம். என் வீட்டுக்காரர் ஜவகருக்குக் குதிகாலில், அவர் அக்கா சந்திரா மதினிக்கு விரல் முட்டிகளில், மோதிரம் ஏறாத அளவுக்கு. மகிழினிக்கு இரண்டு வயதில் முட்டியில் முதல் முடிச்சு தெரிந்தபோது மதினி தெருவுக்கே பால்கோவா கொடுத்தார். நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன், பட்டுச்சேலை வேறு. பிள்ளைக்கு நோய் வந்ததற்கு இனிப்புக் கொடுத்த அம்மா இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தால் பாப்பாவைக் குளிப்பாட்டி மண்டிக்குக் கூட்டிப் போவார்கள், வந்திறங்கின சரக்கில் முதல் மூட்டையைப் பிரித்து அவள் கையை உள்ளே விடச் சொல்வார்கள், அதற்கப்புறம்தான் மற்ற மூட்டையில் கை வைப்பார்கள். கைராசிக்காரி என்று பெயர். வெளியூர் வியாபாரிகூட வந்தால் பாப்பா கையால் ஒரு பிடி பருப்பு வாங்கி முடிந்துகொண்டு போவான். இன்றைக்கும் அதற்குத்தான் மதினி வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஃபோன் வந்தது ஜவகருக்கும் தெரியாது. இந்த வீட்டில் இப்போதைக்கு அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் தெரிந்திருக்காது. யாரோ ஒரு பிள்ளையின் அம்மா, இது தொத்து வியாதி மாதிரி இருக்கு, பக்கத்தில் உட்கார வைக்காதீங்க என்று சொல்லப்போய், டீச்சர் என்னைக் கூப்பிட்டு, கோவிச்சுக்காதீங்க, தோல் டாக்டர்ட்ட காட்டி ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் வீட்டு லட்சுமியைப் பார்த்துத் தொத்து என்கிறாளே, அவள் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க என்று திட்டிக்கொண்டே மதுரைக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். தோல் டாக்டர் முட்டியை ஒரு தடவைதான் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது, இதய டாக்டரிடம் அனுப்பிவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அறுநூற்றுச் சொச்சம் கொழுப்பு. ஊரே எண்ணெய்ப் பரோட்டா தின்கிறது, என் பிள்ளை இரண்டு இட்லிக்கு மேல் தொட மாட்டாள், பிடித்தால் பிடிக்குள் அடங்குகிற உடம்பு, அவளுக்கு அறுநூறு. எங்கள் இருவரிடமும் எடுத்தார்கள். ஜவகர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார், "எங்க ரத்தத்தை எடுத்தா ஊசியும் பொன்னாயிரும் சிஸ்டர்" என்று அந்த நர்ஸிடம் சொன்னார். அந்தப் பெண்ணும் சிரித்தது.

என் கண்ணைப் பார்த்தார் என்றேனே. என் கண்ணில் இருக்கிறது எனக்கு. இமை ஓரத்தில், மூக்குப் பக்கம், மஞ்சளாக இரண்டு திட்டு. காலேஜ் படிக்கும்போதே வந்துவிட்டது. அம்மா அதன் மேல் பவுடரை அப்பி அப்பி மறைப்பாள், பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்று பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மூன்று இடம் தட்டிப்போனது. அப்புறம் இவர்கள் வந்தார்கள். மதினி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, எனக்கு இன்றைக்கும் அந்த வளையல் சத்தம் கேட்கிறது, என் கண்ணாடியை அவரே கழற்றி, முந்தானை நுனியால் பவுடரைத் துடைத்தார். அம்மா செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். மதினி என் முகவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி, "டேய் ஜவகரு, பொன் படிஞ்ச கண்ணுடா. எத்தனை ஊரு அலைஞ்சிருப்பேன்" என்றார். வரதட்சணைப் பேச்சே எடுக்கவில்லை. உள்ளே அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள், நானும் அழுதேன், சந்தோஷத்தில். இருபத்துமூன்று வயது வரைக்கும் அசிங்கம் என்று மறைத்து வைத்ததை ஒருத்தி அழகு என்று சொல்லிவிட்டாள், எனக்கு வேறென்ன வேண்டும்? அந்த நிமிஷத்தில் மதினிக்காக உயிரையே கொடுத்திருப்பேன். கொடுத்துத்தான் விட்டேன் போலிருக்கிறது. என்னுடையதை இல்லை. ஐயோ, என்ன நினைப்பு இது, என்ன நினைக்கிறேன் நான், வாயில் அடிக்க வேண்டும். பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கிறது. சிரித்துக்கொண்டு, வயிற்றில் வழிகிற எண்ணெயில் விரலால் படம் போட்டுக்கொண்டு.

மாமனார் நாற்பத்தேழில் போனார். சின்ன மாமா நாற்பத்துநாலில், கல்லாவில் உட்கார்ந்தபடியே. அதையும் பெருமையாகத்தான் சொல்வார்கள் இங்கே, நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு லட்சுமி அள்ளிக் குடுப்பா, ஆளைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவா என்று. என்ன ஒரு கணக்கு பாருங்கள். என் பிறந்த வீட்டில் லட்சுமி இல்லாததால் வாயு. அப்பா அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்தார், நாற்பத்திரண்டு வயது, நெஞ்சைப் பிசைந்துகொண்டு வந்து, வாயுப் பிடிப்பும்மா, ஒரு கோலி சோடா வாங்கிட்டு வா என்றார். நான் ஓடினேன். சோடாவோடு வந்தபோது அம்மா அவர் நெஞ்சில் ஓமத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள், அவர் போனது தெரியாமல். அவர் கண்ணிலும் மஞ்சள் திட்டு இருந்தது. அவர்கள் லட்சுமி என்றார்கள், நாங்கள் வாயு என்றோம், இரண்டு வீட்டுக்கும் ஒரே சாமான்தான். ஜவகருக்கு இப்போது முப்பத்தெட்டு. ராத்திரி கால் பிடித்து விடும்போது, பார்த்துப் பிடி, பொன்னு கொட்டிறப் போகுது என்பார். மண்டி மாடிப்படி ஏறினால் இரண்டு தரம் நிற்கிறார், வெயிட்டு போட்டுட்டேன் என்கிறார். அவரும் போய்விட்டால். எனக்கு முப்பத்திரண்டு. நானும் போய்விட்டால். யார் முதலில் என்று மனசு வரிசை போடுகிறது, சீ, ரேஷன் கடையா இது. எங்களுக்கு மாத்திரை போதுமாம், ஒழுங்காகச் சாப்பிட்டால் நீங்க நல்லா இருப்பீங்க என்றார் டாக்டர். பாப்பாவுக்கு? பாப்பாவுக்கு மாத்திரை மட்டும் போதாதும்மா, ரத்தத்தை வெளியே எடுத்துக் கொழுப்பை வடிகட்டித் திரும்ப ஏற்றுகிற மெஷின் இருக்கு, புது ஊசி மருந்து வந்திருக்கு, வழி இல்லாம இல்ல, ஆனா முதல்ல இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும், இந்த வயசுலயே அடைப்பு ஆரம்பிச்சிருக்கலாம் என்றார். திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் ஓட விடாதீங்க. "ஓடும்போது நெஞ்சு வலிக்குதுன்னு எப்பவாவது சொல்லியிருக்காளா?" இல்ல சார், சொன்னதே இல்ல என்றேன். அது ஒன்றுதான் நான் உறுதியாகச் சொன்னது. "அப்ப நல்லது. ஒருவேளை சொன்னா திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருக்காதீங்க, அந்த நிமிஷமே கிளம்பி வந்துருங்க" என்றார். அவள்தான் சொன்னதே இல்லையே. அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். சொன்னதே இல்லை, சொன்னதே இல்லை.

திடீரென்று கையை எடுத்துவிட்டேன். எண்ணெய். இந்த எண்ணெய் உள்ளே போகுமா? தோல் வழியாக இறங்கி அந்த முடிச்சில் போய்ச் சேருமா? ஆறு வருஷமாக வாரம் தவறாமல் கிண்ணம் கிண்ணமாகத் தேய்த்திருக்கிறேனே. பைத்தியக்காரி, சாப்பாட்டால் வந்ததில்லை என்று அவர் படித்துப் படித்துச் சொன்னாரே, பிறக்கும்போதே வந்தது, நான் கொடுத்தது, பாதி நான் கொடுத்தது, எண்ணெய் என்ன செய்யும் பாவம். இருந்தாலும் துண்டை எடுத்துக் குதிகாலைத் துடைக்கிறேன். துடைக்கிறேன், துடைக்கிறேன், மகிழினி வலிக்குதும்மா என்கிறாள். நாலில் ஒன்று என்றார். எங்கள் இருவருக்கும் பிறக்கிற பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்குத்தான் இரண்டு பக்கமும் வருமாம். அதாவது மூன்று பங்கு தப்பித்திருக்கலாம். சீட்டைக் குலுக்கிப் போட்டதில் இவளுக்கு அது விழுந்தது, நாங்கள் தட்டு நிறையப் பால்கோவா வைத்தோம். யாரைத் திட்டுவது? மதினியை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது, வெளியே போய் அந்த மோதிரம் ஏறாத கையைப் பிடித்துக்கொண்டு, இதென்ன தெரியுமா, இதென்ன தெரியுமா என்று கேட்க வேண்டும். கேட்டால் என்ன ஆகும்? அவருக்கும் அதே பழுதுதானே. தம்பி பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்றுதானே ஊர் ஊராக அலைந்தார், காலில் செருப்புத் தேய. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் வெறுத்துவிடலாம். அதற்குக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

"ஏம்மா பொற்கொடி, இன்னுமா குளிப்பாட்டுற? வண்டி வந்து நிக்குது, அங்க லோடு எறக்கிட்டு உக்காந்திருக்காங்க." மதினி குரல். "இந்தா ஆச்சு மதினி" என்கிறேன். ஆச்சு. என்ன ஆச்சு. சீயக்காயைக் கரைத்துத் தலையில் வைக்கிறேன், கண்ணை மூடிக்கோ என்கிறேன், இறுக்கி மூடிக்கொள்கிறாள், இமையைப் பார்க்கிறேன், திட்டு இல்லை, இன்னும் இல்லை. வெந்நீர் ஊற்றுகிறேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அந்த முதுகுக்குள்ளே அது அடித்துக்கொண்டிருக்கிறது, உள்ளங்கையை வைத்தால் தெரிகிறது, பிள்ளைகளுக்கு வேகமாகத்தான் அடிக்கும், இது வேகமா, ரொம்ப வேகமா, எனக்கென்ன தெரியும், பத்து வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்கிறாள்.

"அம்மா, லட்சுமிக்கு ஓடுனா பிடிக்காதா?"

"ஏன்டா கண்ணு?"

"நான் ஓடுனா இங்க வந்து ஏறி உக்காந்துக்குது." சீயக்காய் நுரையோடு கையை எடுத்து நடு நெஞ்சில் வைத்துக் காட்டினாள். "அமுக்குது. நின்னுட்டா எறங்கிருது."

தண்ணீர்ச் செம்பு என் கையிலேயே இருந்தது. சாய்ந்து, தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. "எப்பருந்துடா?" என்றேன்.

"ரொம்ப நாளா. டிரில் பீரியட்லயும் வரும்."

"அம்மாட்ட ஏன்டா சொல்லலை?"

கண்ணைத் திறந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இது தெரியாதா உனக்கு என்பது மாதிரி. "அத்தை சொல்லுச்சுல்ல, நான் பெரியவளாக ஆக இன்னும் நெறைய எடத்துல லட்சுமி வந்து உக்காருவான்னு. அதான் வந்துட்டான்னு நெனச்சேன்." சீயக்காய் கண்ணில் பட்டு எரிய, மறுபடி மூடிக்கொண்டாள். எனக்கு இடி விழுந்தது மாதிரி என்பார்களே, அதெல்லாம் சத்தத்தோடு விழுவது, இது சத்தமே இல்லை. குழாய்கூடச் சொட்டவில்லை. என் பிள்ளை வலியை வரம் என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஓட, ஓரமாக நின்று, சாமி இறங்கட்டும் என்று பொறுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே. நாங்கள் அவளை அழ விடவில்லை, அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது, சுவரிலே தலையை, ஆனால் கை அவள் தலையை அலசிக்கொண்டிருந்தது, நுரை போகும்வரை அலசியது, துண்டைச் சுற்றியது. சொல்லியாகிவிட்டது. அந்த நிமிஷமே என்றார் டாக்டர். இதுதான் அந்த நிமிஷம்.

பாவாடையை மாட்டிவிட்டு, தலையைத் துவட்டாமலே, கதவைத் திறந்தேன். மதினி சாம்பிராணித் தட்டோடு நின்றார், விரல்களைப் பார்த்தேன், உடனே பார்வையை எடுத்துக்கொண்டேன். "மதினி, மண்டிக்கு வேணாம். வண்டியை மதுரைக்கு விடச் சொல்லுங்க. அவரையும் வழியில ஏத்திக்கிடுவோம்" என்றேன். "மதுரைக்கா? வெள்ளிக்கிழமை அதுவுமா லோடு காத்துக் கெடக்கு, அங்க என்ன சோலி?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "என்னத்தா? யாருக்கு என்ன?" சொல்ல வாயெடுத்தேன். "மதினி, அது லட்சுமி இல்ல. நோவு. எங்கப்பாவைக் கொன்னது, மாமாவைக் கொன்னது, அதுதான். உங்க கையிலயும் இருக்கு. இவளுக்கு நெஞ்சு வலிக்குதாம்." அவ்வளவுதான் வந்தது. மதினி தன் விரல்களை விரித்து, யாருடைய கையோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "நான்தானத்தா உன்னையத் தேடிக் கண்டுபிடிச்சேன்" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மகிழினி இருந்ததை நான் மறந்துவிட்டேன். மதுரை என்ற சொல் அவள் காதில் விழுந்ததுதான் தெரியும், என் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு, வாசலைப் பார்த்து ஓடினாள், ஈரக்கால் தடம் தரையெல்லாம், "அய், மதுரை, மதுரை" என்று. "ஓடாதே!" என்று கத்தினேன். எல்லா அம்மாவும் நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல்தான். ஹால் முழுக்க அது கேட்டது. வாசற்படிக்கு முன்னால் சட்டென்று நின்றாள். நான் திட்டினதற்காக நிற்கவில்லை. திரும்பி நின்று, வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு விரலை எங்களிடம் காட்டினாள், கொஞ்சம் இரு என்று. மதினியும் நானும் அசையாமல் நின்றோம். அவள் உதடு மெல்ல வெளிறி, மெல்லத் திரும்ப நிறம் வந்தது. அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"எறங்கிருச்சும்மா. இனிமே போலாம்."